வெல்லமும் புளியும்: ஒரு நாவல் சொல்லும் கணக்கு

நாமக்கல் மாவட்டத்து ஜேடர்பாளையத்தில் காவிரித் தண்ணீர் ராஜா வாய்க்காலில் பிரிந்து ஓடுவதைக் காணலாம். சுற்றிலும் கரும்பு வயல்கள். கொப்பரைகளில் கருப்பஞ்சாறு காய்ச்சி வெல்லம் எடுக்கிறார்கள். வெல்லத்தின் விலையை எல்லோரும் அறிவோம். ஒரு வயலோ ஆலையோ வருவதற்கு முன் அந்த இடத்தில் என்னென்ன வாழ்ந்தன, அவற்றின் மதிப்பு என்ன என்று எண்ணியதுண்டா?

எழுத்தாளர் சா. கந்தசாமி (1940-2020) எண்ணினார். 1969இல் வெளிவந்த அவருடைய 'சாயாவனம்' நாவல், இதே காவிரி கடலை நெருங்கும் தஞ்சைப் பகுதியில் நிகழ்கிறது. வெளிநாட்டில் பொருளீட்டித் திரும்பும் சிதம்பரம், கரும்பாலை அமைப்பதற்காக ஒரு வனத்தை விலைக்கு வாங்குகிறான். வெட்டி மாளாத வனத்துக்குத் தீ வைக்கிறான். மரம், கொடி, பறவை, விலங்கு எல்லாம் அழிகின்றன. ஆலை எழும்புகிறது. ஆனால் முடிவில் ஊராருக்கு நல்ல புளி கிடைக்கவில்லை! வனத்தின் புளியமரங்களும் சாம்பலாகிவிட்டன அல்லவா?

சிறிய குறைதான் என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். கரும்பு ஏறத்தாழ ஓராண்டில் வெட்டுக்கு வந்துவிடும். விதையிலிருந்து முளைத்த புளியங்கன்று காய்க்கவோ ஏழெட்டு ஆண்டுகளாவது ஆகும். ஆலையின் இலாபத்தைக் கொட்டிக் கொடுத்தாலும் அந்த ஆண்டுகளை விலைக்கு வாங்க முடியாது. அம்மரத்தை நம்பியிருந்த பறவையும் பூச்சியும் தனிக் கணக்கு.

உயிர்களும் மண்ணும் நீரும் காற்றும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் இந்த அமைப்பைச் 'சூழல் மண்டலம்' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் சூட்டியவர் தாவரவியல் அறிஞர் டான்ஸ்லி, ஆண்டு 1935. நம் தொல்காப்பியமோ உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களாகச் சேர்த்தே சொல்கிறது. மனிதனின் தொழிலும் அந்த வரிசையில் ஒன்றுதான்!

ஆலையே கூடாது என்பதல்ல இதன் பொருள். சர்க்கரையும் வேண்டும், வேலையும் வேண்டும். வரவை எழுதும்போது இழப்பையும் எழுத வேண்டும் என்பதே பாடம்.

நீங்களும் ஒரு கணக்கு எழுதலாம். உங்கள் ஊரில் ஒரு பழைய மரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாதம் காலையும் மாலையும் கவனித்து, அதை நாடி வரும் உயிர்களைக் குறித்து வாருங்கள். அதனால் மனிதர் பெறும் பயன்களைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நாளை யாரேனும் அம்மரத்துக்கு விலை பேசினால், உங்கள் நோட்டுப் புத்தகம் பதில் சொல்லும்.