அகழ்ந்த நிலமும் அடைக்கும் கடனும்

நிலத்தை அகழ்ந்து பொருள் கொள்ளுதல் மக்கள் நாகரிகத்தோடு ஒருங்கு தோன்றிய தொழிலாகும். இல்லம் எழுப்பக் கல்லும், வீதி சமைக்கக் கிரவலும், சுவர் கட்டச் சீமெந்தும் வேண்டப்படுங்காறும் அத்தொழில் ஒழிதற்கில்லை. ஆயினும், அகழ்தல் சில ஆண்டுகளில் முடிவுறும்; அகழ்ந்த குழியோ பல தலைமுறை கடந்தும் நிற்கும். ஆதலின், ஒரு சுரங்கத்தை எவ்வாறு திறப்பது என்னும் வினாவோடு, அதனை எவ்வாறு மூடுவது என்னும் வினாவும் உடனெழுதல் வேண்டும்.

இவ்வினா கிளிநொச்சி மாவட்டத்துக்கு இன்று மிக அணித்தாயுள்ளது. வன்னி நிலத்தின் பெரும்பகுதி பழமையான பளிங்குருப் பாறைமீது அமைந்தது. ஆனால் புத்தளத்திலிருந்து மன்னார், பூநகரி வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கின்றது. பூநகரியைச் சார்ந்த பொன்னாவெளியிற் சீமெந்துக்கென அக்கல்லை அகழும் முயற்சி எழுந்தபோது, 2023 ஆம் ஆண்டு தொடக்கம் ஊர்மக்கள் அதனை எதிர்த்து நின்றனர். தம் கிணறுகள் உவராகிவிடும் என்பதே அவர்தம் தலையாய அச்சம்.

அவ்வச்சம் காரணமற்றதன்று. கரையோரச் சுண்ணாம்புக்கல் நிலத்தில், மழையால் ஊறிய நன்னீர் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025 ஆகும். இவ்வேறுபாட்டினால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு அது பரவியிருக்கும். கைபன், எர்சுபேர்க்கு என்னும் அறிஞர் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இதனைத் தனித்தனியே விளக்கினர். குழியில் ஊறும் நீரை இறைத்து நன்னீர் மட்டத்தை 1 அடி தாழ்த்தினால், காலப்போக்கில் உவர்நீர் 40 அடி மேலெழக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். அவ்வாறு கெட்ட நீரை மண்ணிட்டு மூடி மீட்டல் இயலாது. ஆகவே, எவ்வளவு ஆழம் அகழலாம் என்பதை முதலிலேயே வரையறுத்தல் மூடுதலின் முதற்படியாகும்.

காங்கேசன்துறை நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றது. 1950 ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பெற்ற சீமெந்துத் தொழிற்சாலை, போர் காரணமாக 1990 ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்திற்று. அகழிடங்களை முறையாக மூடுதற்குரிய காலம் வாய்க்கவில்லை, ஆழ்குழிகளே எஞ்சின. சுரங்கம் தன் கணக்கின்படியே முடிவுறும் என்பது ஒருதலையன்று. போரோ, விலை வீழ்ச்சியோ, முதலிழப்போ அதனை இடையில் நிறுத்திவிடலாம். இறுதியிற் சீர்செய்வோம் என்னும் வாக்கு இக்காரணத்தால் வலியற்றதாகின்றது.

மாற்று வழி யாதெனின், அகழுந்தோறும் சீர்செய்து செல்லுதலாம். முதலில் மேல்மண்ணைத் தனியே நீக்கி, உயரமாகக் குவிக்காது பேணுதல் வேண்டும். வித்தும் நுண்ணுயிரும் அம்மண்ணிலேயே உள்ளன. ஒரு பகுதி முடிந்தவுடன் கழிமண்ணால் அதனை நிரப்பி, செங்குத்தான ஓரங்களைச் சரிவாக்கி, மழைநீர் ஓடும் வழியமைத்து, மேல்மண்ணை மீளப் பரப்புதல் வேண்டும். பின்னர் அவ்விடத்துக்குரிய மரங்களை நட்டுப் பல்லாண்டு காத்தல் வேண்டும். வரண்ட வலயத்துக்குப் பாலையும் வீரையும் வேம்பும் ஏற்றவை. புத்தளம் மாவட்டத்து அருவக்காலு சுண்ணாம்புக்கல் அகழிடத்திற் குழிகளின் ஒரு பகுதியை நிரப்பி, உள்நாட்டு மரங்களை நட்டு மீட்கும் பணி நடைபெற்றுள்ளது. அங்கேயே கைவிடப்பட்ட பிறிதொரு பகுதி, கொழும்பின் குப்பையை இடுதற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. கவனிப்பாரற்ற குழி பிறர் கழிவுக்கு இடமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சட்டமும் இக்கடனை ஏற்றுக்கொண்டுள்ளது. இலங்கையின் 1992 ஆம் ஆண்டு 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகமே உரிமம் வழங்குகின்றது. நிலத்தை மீளச் சீர்செய்தற்குப் பிணைப்பணம் பெறும் ஏற்பாடும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவும் 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தால், நிலக்கரி அகழ்வோர் முன்னரே பிணை வைத்து, நிலத்தை ஏறத்தாழப் பழைய வடிவுக்குக் கொணர்தல் வேண்டும் என விதித்தது. பிணை சீர்செய்யும் முழுச்செலவுக்கும் போதாதாயின், குழியை விட்டு நீங்குதலே அகழ்வோனுக்கு இலாபமாகிவிடும்.

சீமெந்தும் கிரவலும் வன்னிக்கும் வேண்டியவையே. போரால் இடிந்த வீடுகள் அவற்றாலன்றோ மீண்டும் எழுந்தன? அதனால் அகழ்வை முற்றாக மறுத்தல் இயலாது. கண்மூடி ஏற்றலும் தகாது. எவ்வளவு ஆழம், கிணற்று நீரை அளப்பார் யார், மேல்மண் எங்கே பேணப்படும், பிணை எவ்வளவு, இறுதியில் அந்நிலம் வயலாகுமா, காடாகுமா, குளமாகுமா என்னும் ஐந்து வினாக்களுக்கும் முதல் மண் வெட்டப்படுமுன் எழுத்தில் விடை பெறுதல் ஊரவர் உரிமையாகும். விடை கிடையாத இடத்தில் மண்வெட்டி ஓங்காதிருத்தலே அறிவுடைமை.