சிக்னலில் அணைந்துபோகும் பத்மினி கார்: கோளாறு எங்கே இருக்கிறது?

மும்பையில் ஒரு காலத்தில் எங்கு திரும்பினாலும் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிதான். குர்லாவில் இருந்த பிரிமியர் தொழிற்சாலையில் பியட் காராகப் பிறந்து, பிறகு பத்மினி என்று பெயர் மாறியது. நடிகை பத்மினியின் பெயர் அல்ல. சித்தூர் ராணியின் பெயர்!

கடைசி பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-ந்தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது. டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. எனவே 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சி ஓடவில்லை.

ஆனால் சொந்தக் காராக வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "ஓடும்போது நன்றாக ஓடுகிறது; சயான் சிக்னலில் நிறுத்தினால் அணைந்து போகிறது" என்பதுதான். உடனே, "கார்புரேட்டரை மாற்று" என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ஏன் அணைகிறது?

ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும், கார்புரேட்டரின் காற்று வழி அநேகமாக மூடிக்கொள்ளும். அப்போது ஊசித்துளை போன்ற சின்ன ஜெட் வழியாக வரும் பெட்ரோல்தான் என்ஜினுக்கு உயிர். அதில் ஒரு தூசி அடைத்தால் போதும். வேகமாகப் போகும்போது பெரிய ஜெட் வேலை செய்வதால் கோளாறு வெளியே தெரியாது.

சிலர் ஸ்குருவை முடுக்கி என்ஜின் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். நோய் அப்படியே இருக்கும், பெட்ரோல்தான் கரையும்.

எப்போது அணைகிறது?

காலையில் மட்டும் என்றால் சோக்கைப் பாருங்கள்.

நெரிசலில் சூடேறிய பிறகு என்றால், பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி இருக்கலாம். பம்பின் மீது ஈரத்துணி போடுவது பழைய டாக்சி டிரைவர்களின் கைவைத்தியம்.

கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கும் மழை நாளில் என்றால், மெக்கானிக்குகள் 'டெல்கோ' என்று சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி ஈரத்தைத் துடையுங்கள். உள்ளே இருக்கும் பாயிண்டின் இடைவெளி அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

எப்போதுமே அணைகிறதா? கார்புரேட்டருக்கு அடியில் கேஸ்கட் வழியாகக் காற்று புகலாம். என்ஜின் ஓடும்போது இணைப்பில் சோப்புத் தண்ணீரைச் சில சொட்டு விடுங்கள். சத்தம் மாறினால் திருடன் அங்கேதான்! இந்தச் சோதனைக்குப் பெட்ரோலைத் தொடவே கூடாது. தீப்பிடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் சின்ன ஜெட்டைக் கழற்றிக் காற்றடிக்க வேண்டும்.

புதிய தலைவலி

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பர் குழாயையும் பம்ப் ஜவ்வையும் அரிக்கும். டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்து ஜெட்டுக்குக் கொண்டு வரும். குழாய் வெடித்துச் சூடான என்ஜின் மீது பெட்ரோல் சொட்டினால் கார் மட்டும் அல்ல, உயிருக்கும் ஆபத்து.

பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் குழாயை மாற்றுங்கள். கார்புரேட்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.