நின்ற சுத்தியலும் கையை நசுக்கும்

தோட்டத்துப் பால் ஸ்டோரில், உறைந்த பாலைத் தகடாக்கும் உருளை இயந்திரத்தைக் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. உருளைகளுக்கிடையே விரல் அகப்பட்டால் என்ன நேரும் என்பதும் நாம் அறிந்ததே. அதனினும் பன்மடங்கு வலிமையுடைய மின்விசைச் சுத்தியலைப் பற்றி இங்கு விளக்க விழைகிறோம்.

தோட்டத்தில் பிறந்தவர்கள் சிங்கப்பூரின் பட்டறைகளுக்குச் செல்வது புதிய வழக்கமன்று. செம்பவாங் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை 1938-இல் திறக்கப்பட்டது. 1968-இல் அப்பட்டறை வாணிகக் கப்பல் பட்டறையாயிற்று. இரு காலங்களிலும் தமிழர் பலர் அங்கு உழைத்தனர். இன்று ஜூரோங், துவாஸ் வட்டாரங்களில் பணிபுரிந்து, ஞாயிறுதோறும் தேக்காவில் கூடும் இளைஞருள் சிலர் உலைப் பட்டறையில் சேரக்கூடும். அவர்கள் இதை அறிந்து செல்வது நலம்.

ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் பொறியாளர் 1842-இல் நீராவிச் சுத்தியலுக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நீராவியின் இடத்தை மின்சாரம் பிடித்தது. மின்மோட்டார் வார்ப்பட்டையின் வழியே கனத்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. அச்சுழற்சி ஓர் உருளைக்குள் காற்றை அழுத்துகிறது. அக்காற்று சுத்தியலின் தலையைத் தூக்கி, அடைகல்லின் மீது இறக்குகிறது. காலால் மிதியை அழுத்தும் அளவிற்கேற்ப அடி வலுக்கும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர். சுவிட்சை அணைத்தவுடன் மோட்டாரின் ஓசை அடங்கும்; ஆனால் கனத்த சக்கரம் உடனே நிற்பதில்லை. தலை மேலே நின்றிருந்தால், அதனைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்றே. காற்று கசிந்ததும் தலை இறங்கும். அடிக்கும் முகப்பில் ஒட்டிய இரும்புச் செதிலைத் துடைக்க “ஒரு நொடிதானே” என்று கை நீட்டுபவரை அது எச்சரிப்பதில்லை. ஆகவே, முதலில் பிரதான சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். சாவி பழுதுபார்ப்பவர் பையிலேயே இருக்கட்டும். மேற்பார்வையாளர் கேட்டாலும் கொடுக்கலாகாது. சக்கரம் முற்றும் நின்றபின், தலையின் எடையைத் தாங்கவல்ல முட்டுக்கட்டையை இடையே நிறுத்த வேண்டும். அதன் பிறகே கை உள்ளே செல்லலாம். வேலை முடிந்ததும் முட்டுக்கட்டையை எடுக்க மறப்பதும் ஆபத்தே. முதல் அடியிலேயே அது தெறித்துப் பறக்கும். மிதியின் மேல் மூடி இல்லையேல், தவறி விழும் இரும்புத் துண்டும் சுத்தியலை இயக்கிவிடும்.

இயக்கும்போது இடுக்கியின் பிடி வயிற்றுக்கு நேரே இருத்தல் கூடாது. உடலின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். இரும்பு சறுக்கினால் பிடி பின்னோக்கிப் பாயும். இரும்பு செந்நிறம் குன்றி ஆறியபின் அடிக்கலாகாது, துண்டுகள் சிதறும். இரும்பில்லாமல் வெறும் முகப்புகளை மோதவிட்டால் அவை வெடிக்கும்.

பராமரிப்பு எளியதே. நாள்தோறும் தொடங்குமுன் எண்ணெய் இட வேண்டும். முகப்புகளை இறுக்கும் ஆப்புகள் தளர்ந்துள்ளனவா, வார்ப்பட்டை நைந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். மின்கம்பி, நிலக்கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும்.

காதுக்கு வரும் கேட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு மணி நேரத்திற்குச் சராசரி 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சல் மிகையானது. இரைச்சலால் கெட்ட செவி மீளாது. காதுக்கவசத்தை முதலாளி தர வேண்டும். அணிவது தொழிலாளியின் கடமை. 2006 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருவர் மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது.

வேலையில் காயமுற்றால், தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலே வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோரலாம். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இவ்வுரிமை உண்டு. காயத்தை உடனே முதலாளியிடம் தெரிவித்து, மருத்துவச் சான்றிதழைப் பத்திரப்படுத்த வேண்டும். கோரிக்கையை விபத்து நேர்ந்த ஓராண்டிற்குள் அளித்தல் வேண்டும்.