சிமுலேஷன் உலகத்துக்குள் வெளியார் வந்துபோக முடியுமா?

நாம் வாழும் உலகமே ஏதோ ஒரு கணினியில் ஓடும் சிமுலேஷனாக இருக்கலாமா? தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ரம் 2003இல் எழுதிய கட்டுரை, மூன்று சாத்தியங்களில் ஒன்றாக இதையும் வைத்தது. அது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அதை ஓட்டுகிறவர்கள் நம் நடுவே வந்துபோக முடியுமா? நாம்தான் வெளியேற முடியுமா?

மூளை எங்கே இருக்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். மற்றொரு தத்துவ அறிஞரான டேவிட் சால்மர்ஸ் 2022இல் வெளியிட்ட ‘ரியாலிட்டி பிளஸ்’ நூலில் சிமுலேஷன்வாசிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். முதல் வகையினரின் மூளை வெளியே இருக்கும். காட்சியும் ஒலியும் தொடுகையும் மட்டும் கணினியிலிருந்து வரும். 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் நியோ இப்படிப்பட்டவன். இரண்டாம் வகையினருக்கு மூளையே கணினி போடும் கணக்குதான்.

வெளியார் முதல் வகையாக உள்ளே வருவது எளிது. உள்ளே ஓர் உடலை உருவாக்கி, அதன் புலன்களைத் தங்கள் மூளையோடு இணைத்துக்கொண்டால் போதும். இணைப்பைத் துண்டித்தால் வெளியேறிவிட்டார்கள் என்று பொருள். உண்மையில் அவர்கள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

சிக்கல் நேரத்தில் வரும். சிமுலேஷன் வெளி உலகைவிட 1,000 மடங்கு வேகமாக ஓடினால், வெளியே ஒரு நிமிடம் கழிவதற்குள் உள்ளே ஏறக்குறைய 17 மணி நேரம் ஓடிவிடும். விருந்தாளியின் மூளை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆகவே அவர் வரும்போது உலகத்தையே மெதுவாக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய கடிகாரமும் எண்ணமும் சேர்ந்தே மெதுவாகிவிடும்.

இரண்டாம் வகையினர் வெளியேறுவதற்கு ஒரு சிறிய முன்னோட்டம் நம்மிடமே உண்டு. சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவுக்கு 302 நியூரான்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இல் வெளியானது. அந்த வரைபடத்தைக் கணினி நிரலாக்கி, 2014 வாக்கில் ஒரு லெகோ ரோபோவில் ஏற்றினார்கள். புழுவின் மூக்குக்குப் பதில் சோனார் உணரி, தசைகளுக்குப் பதில் சக்கரங்கள். தடை எதிர்ப்பட்டதும் ரோபோ நின்று பின்வாங்கியது. அதற்கென்று தனிக் கட்டளை எதுவும் எழுதப்படவில்லை.

ஆக, வெளியே ஓர் உடல் தயாராக இருந்தால் உள்ளிருக்கும் மூளையும் வெளியே வரலாம். ஆனால் கணினியில் ‘மாற்றுவது’ என்பது பெரும்பாலும் பிரதி எடுத்து மூலத்தை அழிப்பதுதான். மூலத்தை அழிக்காமல் விட்டால் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என இருவர் ஆகிவிடுவார்கள். அவர்களில் வெளியேறியவர் யார் என்பதற்குத் தத்துவத்தில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை.

இப்படி யாராவது ஏற்கெனவே வந்துபோயிருந்தால் நமக்குத் தெரியுமா? உலகத்தை நிறுத்தவும் திருத்தவும் முடிந்தவர்களால் நம் நினைவையும் திருத்த முடியும். அதனால் தடயம் இல்லை என்பதை வைத்து யாரும் வரவில்லை என்று முடிவுகட்ட முடியாது. விளங்காத ஒரு நிகழ்ச்சியைக் காட்டி வந்தார்கள் என்று சாதிக்கவும் முடியாது.