கம்பவுண்டர் மிக்சரும் கால் மாத்திரையும்

1947இல் டாக்டர் சௌந்தரமும் கணவர் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கியபோது, இந்தத் திண்டுக்கல் பக்கத்தில் படபடப்புக்கென்று தனி மருந்து கிடையாது. படபடப்பு மட்டும் இருந்தது. சின்னாளபட்டித் தறிக்காரருக்கு நூல் கவலை, ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிக்கு மழைக் கவலை. நெஞ்சு அடைக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் ‘பயந்த கோளாறு’ என்பார்கள். மந்திரித்து விபூதி போட்டு, தாயத்துக் கட்டி அனுப்புவார்கள். சின்னாளபட்டியில் சின்ன அளவில் ஆரம்பித்த சௌந்தரத்தின் மருத்துவப் பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆனால் அன்றைய அவசரம் பிரசவம், குழந்தைச் சாவு. மனக்கவலை வரிசையில் பின்னால்தான் நின்றது.

இங்கிலீஷ் மருந்து தேடிப் போனவருக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது புரோமைடு மிக்சர், இல்லையென்றால் பினோபார்பிட்டோன் மாத்திரை. மிக்சரை கம்பவுண்டர் கலக்கி, வேளைக் கணக்கு வெட்டிய காகிதத்தைப் புட்டியில் ஒட்டித் தருவார். புட்டி காலியானால் திரும்பப் போய்த்தான் ஆக வேண்டும். போனால் யாராவது முகத்தைப் பார்த்து நாலு கேள்வி கேட்பார்கள். இதற்காக அந்த மருந்துகளை நல்லவை என்று சொல்லிவிட முடியாது. புரோமைடு உடம்பில் தேங்கிப் புத்தியைக் குழப்பும். பினோபார்பிட்டோன் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

அதனால்தான் 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் வந்தபோது உலகம் முழுக்க டாக்டர்கள் நிம்மதியடைந்தார்கள். இரண்டுமே ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டறிந்த ஒரே மருந்துக் குடும்பம். தனியாகச் சாப்பிட்டால் பினோபார்பிட்டோன்போல எளிதில் உயிரைக் குடிக்காது. 1981இல் அதே குடும்பத்து அல்பிராசோலம் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று திண்டுக்கல் மதுரை சாலையில் எந்த மெடிக்கலில் கேட்டாலும் தெரிந்த பெயர் அது. வாங்குகிறவர்களுக்கு அது வெறும் ‘தூக்க மாத்திரை’, அல்லது ‘நரம்பு மாத்திரை’.

அரை மணியில் கேட்கிறது என்பதுதான் இதன் பெருமையும் தொல்லையும். சில வாரம் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடுகிறது. பழகிய பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் முன்பைவிட மோசமான படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். ‘நோய் திரும்பிவிட்டது’ என்று நினைத்து மறுபடி போடுவார்கள். உண்மையில் அது மருந்தை விட்டதன் விளைவாக இருக்கலாம். 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் தனது மிகக் கடுமையான எச்சரிக்கையை விரிவாக்கியதற்கு ஒரு காரணம் இந்தப் பழக்கம்.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2014 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் அல்பிராசோலம், டயசெபாம் (அதாவது வேலியம்), நைட்ரசெபாம் எல்லாம் உண்டு. டாக்டர் சீட்டு வேண்டும். டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். விற்றது எழுதப்படுகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கு அந்த நோட்டில் பத்தி கிடையாது. என் பார்வையில் இன்றைய ஓட்டை அங்கேதான்.

இன்னொன்று வீட்டுக்குள் நடப்பது. “எனக்கு இதுதான் கேட்டுச்சு, நீயும் ஒண்ணு போட்டுப் பாரு மதினி” என்று அட்டையைக் கிழித்துக் கொடுப்பது நம் ஊர்ப் பாசம். வாங்கிக்கொள்கிறவர் வயதானவராக இருந்தால் ராத்திரி கழிப்பறைக்கு எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறியலாம். குடிப்பவராக இருந்தால் சாராயமும் மாத்திரையும் சேர்ந்து மூச்சைக் குறைத்துவிடும். கடும் வலிக்கான டிரமடோல் போன்ற மாத்திரையோடு சேர்ந்தாலும் அதே ஆபத்து. நைட் ஷிப்ட் போகிற மில் தொழிலாளி, லாரி ஓட்டுநர், கர்ப்பிணி, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்: இவர்களெல்லாம் முதலில் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டியவர்கள்.

நீண்ட நாள் போட்டவர் விடுவதற்கும் வழி உண்டு. டாக்டர் பார்த்துப் பார்த்து, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சில நேரம் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் டயசெபாமுக்கு மாற்றிக் குறைப்பார். பேச ஆள் வேண்டுமென்றால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம். மந்திரிக்கிறவரிடம் போனவருக்கு அன்று கிடைத்த, காது கொடுத்துக் கேட்கும் ஆறுதலில் கொஞ்சமாவது அதில் கிடைக்கும்.

மாற்று மருந்தும் உண்டு. நாள்பட்ட பதற்றத்துக்கு இன்று டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது எஸ்சிட்டாலோபிராம் போன்ற வேறு வகை மருந்து. அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாதுதான். ஆனால் அல்பிராசோலம்போல மேலும் மேலும் கேட்க வைக்காது. சிக்கல், அது வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை சமாளிக்க அல்பிராசோலத்தையும் சில நாளைக்குச் சேர்த்து எழுதுவதுண்டு. அஞ்சாம் நாள் நோயாளி பார்க்கிறார்: ஒன்று கேட்கவே இல்லை, இன்னொன்று அரை மணியில் கேட்கிறது. கேட்காததை நிறுத்திவிட்டு, கேட்டதை மட்டும் வாங்கப் பழைய சீட்டோடு மெடிக்கலுக்குப் போகிறார்.