கம்பி வந்தால் போதுமா?
இன்சுலின் ஊசி போடுவோர் கவனத்திற்கு



சென்ற மாதம் ஒரு நாள், காலைப் பிரட்டு முடிந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தார். ஈப்போவுக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் விற்றுப்போய், மரங்களும் போய், சுற்றிலும் வீடமைப்பு வந்துவிட்டது. கடைசி லயத்தில் மட்டும் ஏழு குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பேத்தி இங்கே எங்கள் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். அவளைப் பார்க்க வந்தவர் என்னையும் பார்க்க வந்தார்.

"ஐயா, இனிப்புநீருக்கு ஒரு நாள் தப்பாம ஊசி போடுறேன். ஆனா சீனி எறங்கவே மாட்டேங்குது" என்றார்.

வெறும் வயிற்றோடு வந்திருந்தார். சோதித்துப் பார்த்தேன். 7க்குள் இருக்கவேண்டியது 22 இருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டே, "மருந்தை எங்கே வைக்கிறீங்க, பாட்டி?" என்று கேட்டேன்.

"ஐஸ்பெட்டியிலதான் சாமி. சாயங்காலம் ஆனா கரண்டு போயிடுது. சூடாயிடப் போகுதேன்னு மேல்தட்டுல, ஐஸ்கட்டி பிடிக்கிற எடத்துல வச்சிடுவேன்."

அங்கேதான் வினை. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் அதன் சக்தி போய்விடும். வெறும் தண்ணீரைத்தான் பாட்டி மாதக்கணக்கில் குத்திக்கொண்டிருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. அவர் செய்ததில் புத்திக்குறைவு ஒன்றும் இல்லை. கரண்ட் நிற்கப்போகிறது என்று தெரிந்தவர் முன்னேற்பாடாகத்தான் செய்தார்.

அந்த லயத்துக்கு வேறொரு இடத்திலிருந்து ஒரே கம்பியை இழுத்து ஏழு வீட்டுக்கும் பிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் அரிசி வேகும் நேரத்தில் பாரம் தாங்காமல் விழுந்துவிடும். சில நாள் விடியும்வரை வராது. ஆனால் கணக்கெடுக்க யாராவது போய் "கரண்ட் இருக்கா?" என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். மின்கம்பம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, பல்பும் தொங்குகிறது.

பேராக் மாநிலத்துக்கு மின்சாரம் புதிது அல்ல. 1930லேயே பேராக் ஆற்றில் செண்டரோ அணை கட்டி முடித்து, கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள். பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தது. 1958ல் மலாயாவுக்கு உலக வங்கி கொடுத்த முதல் கடன் எதற்குத் தெரியுமா? கேமரன் மலை நீர்மின் திட்டத்துக்கு, 3 கோடியே 56 லட்சம் அமெரிக்க டாலர். ரிங்லெட்டில் தண்ணீரைத் தேக்கி, மலைக்குள் குகை குடைந்து கொண்டுவந்து, 1963ல் தாப்பாவுக்கு மேலே ஜோர் மின்நிலையத்தை ஓடவிட்டார்கள். அதே 1963ல் பத்தாங் பாடாங் திட்டத்துக்கு இன்னொரு கடன், 5 கோடியே 19 லட்சம் டாலர். உதவி என்று பெயர், ஆனால் தானம் அல்ல; வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டிய பணம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொழிற்சாலைக்கும் மின்சாரம் வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் பணம் அணையையும் குகையையும் எந்திரத்தையும் பெரிய கம்பியையும் பார்த்தது. கடைசி வீட்டைப் பார்க்கவில்லை.

நான் பிறந்தது அதே தாப்பா வட்டாரத்தில் ஒரு தோட்டம். 1980களில் பெரிய மின்கம்பிகள் எங்கள் தீம்பாருக்கு மேலேயே போயின. மழைக்காலத்தில் 'உம்' என்று இரையும், நாங்கள் பையன்கள் நின்று கேட்போம். லயத்துக்கோ தோட்டத்து இஞ்சின்தான். மாலை ஆறரைக்கு உறுமும், பத்துக்கு நின்றுவிடும். என் தங்கை பிறந்தது ராத்திரி ஒரு மணிக்கு. மருத்துவச்சிக்கு அப்பா டார்ச் லைட் பிடித்தார். அம்மாவுக்கு ரத்தம் அதிகமாகப் போயிருக்கிறது என்பதே, யாரோ அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பாயைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. லாரியில் ஏற்றிப் போய்க் காப்பாற்றினார்கள். அந்த ராத்திரிதான் நான் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்போங்குகளுக்கு அரசாங்கத்தின் கிராம மின்சாரத் திட்டம் போனது. தோட்டம் தனியார் நிலம், அதை முதலாளி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முதலாளி இஞ்சினைக் காட்டினார். முப்பது நாற்பது வருஷம் இப்படியே ஓடியது.

உதவிப் பணம் வேறு எதையெதையோ பார்த்த கதையும் நம் நாட்டிலேயே உண்டு. கிளந்தானில் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23 கோடியே 40 லட்சம் பவுன் உதவியளிக்க ஒத்துக்கொண்டது. இது ஆதாயமில்லாத திட்டம் என்று அந்நாட்டு உதவித் துறை அதிகாரிகளே எழுதிவைத்தார்கள். பின்னால் பார்த்தால், மலேசியா பிரிட்டனிடம் ஆயுதம் வாங்குவதோடு 1988ல் அந்த உதவி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. 1994 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்த உதவி சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்புச் சொன்னது. அணை நிற்கிறது, மின்சாரமும் தருகிறது. ஆனால் பணம் கொடுக்க முடிவு செய்த மேசையில், எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்ற கேள்வி எழவே இல்லை.

இப்போது அளவுகோல் கொஞ்சம் மாறியிருக்கிறது. உலக வங்கி 2015ல் வெளியிட்ட முறையில், கம்பி வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம், சாயங்காலத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்து, பூஜ்யம் முதல் ஐந்து வரை படி போடுகிறார்கள். முதல் படிக்கே நாளுக்கு 4 மணி நேரம் வேண்டும். எங்கள் இஞ்சின் மூன்றரை மணி நேரம். அந்தக் கணக்கில் நாங்கள் இருட்டில்தான் இருந்திருக்கிறோம்! ஐந்தாம் படிக்கு 23 மணி நேரம். மருந்து வைக்கும் ஐஸ்பெட்டி கேட்பது அந்தப் படியைத்தான்.

இது நம் கதை மட்டுமல்ல. ஏறக்குறைய 100 கோடிப் பேர் நம்பியிருக்கும் மருத்துவ நிலையங்களில் மின்சாரம் இல்லை, அல்லது இருந்தும் நம்பமுடியாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து 2023ல் அறிக்கை விட்டார்கள். ஆப்பிரிக்காவில் 2030க்குள் 30 கோடிப் பேருக்கு மின்சாரம் கொடுப்போம் என்று உலக வங்கியும் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் 2024ல் அறிவித்தன. 2013ல் தொடங்கிய அமெரிக்காவின் ஆப்பிரிக்க மின்சார உதவித் திட்டமோ 2025ல் கைவிடப்பட்டது. 30 கோடி என்பது நல்ல எண்ணிக்கைதான். ராத்திரி எத்தனை மணிவரை என்று அங்கேயும் யாராவது கேட்டால் தேவலாம்.

சரி, உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். ஐஸ்பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், ஐஸ்கட்டி பக்கம் வேண்டவே வேண்டாம். உபயோகத்தில் இருப்பதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம்வரை வெளியே வைக்கலாம்; உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் நிலையில்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் ஈர மணலைப் போட்டு, அதில் சின்னப் பானையை இறக்கி, மருந்தை உள்ளே வைத்து ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் ரொம்பக் குளிராது. தகரக் கூரை வெக்கைக்கு அது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, இது முக்கியம். சீனி இறங்கவில்லை என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். கெட்டுப்போன மருந்தில் கூட்டிய அளவை நல்ல மருந்தில் போட்டால் சீனி ஒரேயடியாக இறங்கி, வேர்த்து, மயங்கி விழுவீர்கள்.

திறக்காத மருந்தை வீட்டில் வைக்க வழியில்லை என்றால் கொண்டுவாருங்கள். எங்கள் ஆஸ்பத்திரிப் பெட்டியில் பெயர் எழுதி வைக்கிறேன்.

தோட்டத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு, குடியிருப்பில் தண்ணீரும் மின்சாரமும் கொடுப்பது முதலாளி கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் சொல்கிறது. பாட்டி யாருக்கும் தொழிலாளி அல்ல இப்போது. அவரிடம் எந்தச் சட்டத்தைக் காட்டுவது என்று தெரியாமல், பேத்தியிடம் ஒரு காலண்டரைக் கொடுத்து, லயத்தில் தினமும் எத்தனை மணி நேரம் கரண்ட் இருந்தது என்று பாட்டியைக் கேட்டுக் குறிக்கச் சொன்னேன். அந்தத் தாளைக் கிளைச் செயலாளரிடம் சேர்த்திருக்கிறேன். முதல் வாரம்: 9, 11, 10, 9, 14, 8. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கேட்டேன். "அன்னிக்கு வரவே இல்ல ஐயா" என்றாள்.