கைப்பேசி இணைப்பை மாற்றலாமா?

ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கும்போது நம் மக்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பலவகை. பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்? காப்பியை இப்போதே விற்றுவிடலாமா? மிளகு விலை ஏறும்வரை காத்திருக்கலாமா? இவையெல்லாம் பழைய கேள்விகள். அண்மைக் காலமாக மற்றொன்றும் இவற்றோடு சேர்ந்துகொண்டது. "சாமி, எல்லாரும் 5ஜிக்கு மாறிட்டாங்க. நாங்களும் மாறிடலாமா?"

இதிலே பங்குத்தந்தைக்கு என்ன தெரியும் என்று வாசகர் நகைக்கக்கூடும். நாம் இக்கலையில் வல்லவர் அல்லோம். ஆயினும் இதே காரியத்தில் ஒருமுறை தவறியவர்கள் நாம். அந்த ஒரு தகுதியைக் கொண்டே இதனை எழுதத் துணிந்தோம்.

நாம் கற்ற பாடம்

மஞ்சக்குட்டையிலும் அதனைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களிலும் பரந்து வாழும் நம் மக்களுக்கெல்லாம் மனப்பாடமான எண் ஒன்று உண்டு. அது அறைவீட்டுக் கைப்பேசி எண். பதினொரு ஆண்டுகள் அது ஒரே நிறுவனத்தின் இணைப்பில் இருந்தது. குறை ஒன்றுதான்: வேகம் போதாது. ஆயர் இல்லத்திலிருந்து வரும் சுற்றறிக்கையைத் திறப்பதற்குள் கையிலுள்ள காப்பி ஆறிவிடும்.

2024-ஆம் ஆண்டு சேலத்திலிருந்து வந்த நம் அண்ணன் மகன் இதைக் கண்டு பொறுக்கவில்லை. "நம்பர் மாறாது சித்தப்பா, கம்பெனிதான் மாறும்" என்றான். கோயில் முற்றத்தில் நின்று அவனுடைய கைப்பேசியில் பார்த்தோம். வேகம் வியப்பூட்டியது. அந்த வாரமே மாறினோம்.

எண் மாறவில்லை என்பது உண்மையே. ஆனால் கோபுரம் மாறிவிட்டது. பழைய நிறுவனத்தின் கோபுரம் நம் சன்னலுக்கு எதிரே, மேட்டின்மீது நின்றது. புதியதன் கோபுரமோ அந்த மேட்டுக்கு அப்பால் இருந்தது. முற்றம்வரை வந்த அலை, நாம் உறங்கும் கற்சுவர் அறைக்குள் வரவில்லை. பகலெல்லாம் வெளியே நடமாடும் நமக்கு அது புலப்படவும் இல்லை.

அவ்வாண்டு நவம்பர் மழையிலே ஓர் இரவு. தோட்டத்துக் குடியிருப்பு ஒன்றில் முதியவர் ஒருவருக்கு மூச்சு முட்டியது. நோயிற்பூசுதல் வேண்டுமென்று அவரே கேட்டாராம். மகன் நம்மை ஏழு முறை அழைத்திருக்கிறார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற பதிலே ஏழு முறையும் கிடைத்தது. பின்னர் மூடுபனியில் இருசக்கர வண்டியை உருட்டியும் ஓட்டியும் வந்து நம் கதவைத் தட்டினார். நாம் எண்ணெய்ச் சிமிழோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் உயிர் பிரிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது.

இறைவனின் இரக்கம் நம் கைப்பேசியைச் சார்ந்ததன்று என்பதை அறிவோம். ஆயினும் அம்மனிதர் கேட்ட வேளையில் நாம் அவரருகே இல்லை. "நீங்க என்ன சாமி பண்ணுவீங்க, டவர் இல்லாத இடம்" என்று மகன் நம்மையே தேற்றினார். பதினொரு ஆண்டுகளாக அதே அறையில் டவர் இருந்தது என்பதை அவரிடம் சொல்ல நமக்கு நா எழவில்லை.

மறுநாளே பழைய நிறுவனத்துக்குத் திரும்ப முயன்றோம். மாறிய எண், புதிய நிறுவனத்தில் 90 நாள் இருந்த பின்னரே மீண்டும் மாற முடியும் என்பது விதி. அதையும் அப்போதுதான் அறிந்தோம்.

மலையும் அலையும்

இது ஏன் நேர்கிறது? அலைவரிசைகளில் தாழ்ந்தவை நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். உயர்ந்தவை மிகுந்த செய்தியைச் சுமக்கும். ஆனால் விரைவில் தளர்ந்துவிடும். பழைய 2ஜி பெரிதும் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சார்ந்தது. 2022 அக்டோபர் 1 அன்று நம் நாட்டில் தொடங்கப்பெற்ற 5ஜிக்கோ 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை முதன்மையானது. 700 மெகாஹெர்ட்ஸிலும் 5ஜி தரப்படுவதுண்டு. எனவே நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கும்.

சமவெளியில் இவ்வேறுபாடு பெரிதாய்த் தோன்றாது. சேர்வராயன் மலையிலோ ஒவ்வொரு மேடும் ஒரு மதில். ஒவ்வொரு பள்ளமும் ஒரு நிழல். அடர்ந்த சவுக்கு மரங்களும் மழை நனைந்த இலைகளும் தம் பங்குக்கு அலையைக் குறைக்கும். எனவே சேலத்தில் உள்ளவர் புகழும் இணைப்பு இங்கே ஊமையாகலாம். மேட்டில் உள்ளவர் புகழ்வது பள்ளத்தில் உள்ளவருக்கு உதவாமற் போகலாம்.

புதியதை வெறுக்கலாமா?

அது நம் கருத்தன்று. தோட்டத் தொழிலாளியின் மகள் இரவில் பாடக் காணொளி பார்த்துத் தேர்வுக்குப் படிக்கிறாள். இலைநோய் கண்ட காப்பிச் செடியைப் படமெடுத்து அனுப்பி விவசாயி யோசனை கேட்கிறார். திருப்பூரில் வேலை செய்யும் மகனின் முகத்தைத் தாய் நாள்தோறும் காண்கிறாள். இவற்றுக்கு வேகம் வேண்டும். அதை ஆடம்பரம் என்று சொல்வது அறியாமை.

பழையதையே பற்றிக்கொண்டிருப்பதிலும் இடர் உண்டு. 1999-இல் தமிழகத்தில் தொடங்கி வீடுதோறும் வழங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திடீரென முடங்கியது. வேறு நிறுவனத்துக்கு மாறக் குறுஞ்செய்தி அனுப்பவேண்டும். அனுப்புவதற்கோ அலை இல்லை. இலட்சக்கணக்கானோர் அன்று தவித்தனர். தளர்ந்துவரும் இணைப்பை விட்டு உரிய காலத்தில் வெளியேறுவதும் விவேகமே.

கட்டணமும் மக்களை நகர்த்துகிறது. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல். ஏறத்தாழ 29 இலட்சம் வாடிக்கையாளரைக் கூடுதலாகப் பெற்றது. 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டுத் தொழில்நுட்பத்தாலான அதன் 4ஜி சேவை, 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்களோடு நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆகவே சென்ற ஆண்டு உண்மையாயிருந்தது இவ்வாண்டும் உண்மையாயிருக்கும் என்று யாரும் உறுதி கூறமுடியாது.

முடிவெடுக்கும் முறை

முதலாவது, உள்ள எண்ணை உடனே மாற்றாதீர்கள். புதிய நிறுவனத்தின் சிம் அட்டை ஒன்றைத் தனியே வாங்கி, ஒரு மாதம் சோதியுங்கள். இரண்டு அட்டை ஏற்கும் கைப்பேசியே இன்று பலரிடமும் இருக்கிறது. முற்றத்தில் சோதித்தால் போதாது; படுக்கையறையில், அடுக்களையில், தோட்டத்து வேலைக்களத்தில், மழை நாளில், மின்சாரம் போன நேரத்தில் சோதிக்கவேண்டும். சேவை எட்டும் பரப்பை நிறுவனங்கள் வரைபடமாக வெளியிடவேண்டும் என்ற விதி வந்துள்ளது நன்றே. எனினும் வரைபடத்தில் ஊர் தெரியும். உங்கள் பின்னறை தெரியாது.

இரண்டாவது, வீட்டு முதியோரின் கைப்பேசியைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் வந்த ஜியோ, 4ஜியோடு தொடங்கிய நிறுவனம். அதற்கு 2ஜி இல்லை. ஆதலால் பழைய 2ஜி பட்டன் போனில் அதன் அட்டை பேசாது. பேரன் எல்லாருக்கும் சேர்த்து மாற்றிவிட்டு நகரத்துக்குப் போய்விட்டால், பாட்டி ஊமைக் கருவியோடு தனித்திருப்பாள். பேசுவதற்கு மட்டுமே கைப்பேசி வைத்திருப்போருக்கு, இணையம் சேராத தனித்திட்டம் தரவேண்டுமென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் விதித்தது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, மாறுவதென்று துணிந்தால் முறை எளிது. 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு வரும். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் கொடுக்கவேண்டும். குறியீடு நான்கு நாளே செல்லும். மாறும் இடைவேளையில் சில மணி நேரம் இணைப்பு அற்றிருக்கும். அன்று வங்கிக் காரியமோ மருத்துவத் தேவையோ இல்லாதபடி நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். 90 நாள் விதியை மறவாதீர்கள். அதன் கனத்தை நாம் அறிவோம்.

நிறைவாக ஒன்று. இணைப்பைத் தெரிந்தெடுக்கும்போது, நாம் எதைப் பார்க்கலாம், எவ்வளவு விரைவாகப் பார்க்கலாம் என்றே எண்ணுகிறோம். நள்ளிரவில் நம்மை அழைக்கப்போகிறவர் யார் என்று எண்ணுவதில்லை. தனியே வாழும் தாய், விடுதியில் இருக்கும் மகள், நோயுற்ற அயலார் ஆகியோரின் அழைப்பு நம்மை எட்டுமா என்பதே முதற் கேள்வியாகட்டும். வேகம் அடுத்ததாகட்டும். இந்த ஞாயிறு மாலை குடும்பமாய் அமர்ந்து பேசுங்கள். வீட்டுப் பெரியவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

90 நாள் கழிந்ததும் அறைவீட்டு எண்ணைப் பழைய நிறுவனத்துக்கே மாற்றினோம். சுற்றறிக்கைக்குப் புதிய அட்டை ஒன்று தனியே இருக்கிறது. இரவில் கைப்பேசி நம் கட்டிலருகே, மேட்டை நோக்கிய சன்னற்கட்டையில் இருக்கும். எந்நேரமும் அழையுங்கள்.